‘கட்டாயம் பார்’ என்றால் யாரும் பார்ப்பதில்லை: கலை, இசை, சினிமாவில் கண்டெடுத்ததைப் பகிர ஒரு செய்முறை

நண்பர் ஓர் இணைப்பை அனுப்புகிறார். கூடவே ஒரு வரி: “அற்புதம், கட்டாயம் பார்.” நாமும் “சரி” என்று பதில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். நண்பரின் ரசனைமீது நமக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்தப் படைப்பில் எந்த இடம் அவரை நிறுத்தியது என்று அந்த வரியிலிருந்து தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்காக மூன்று மணி நேரத்தை யார் எடுத்துவைப்பார்கள்?

சமகாலப் படைப்புகளில் இந்தச் சங்கடம் இன்னும் கூடுதல். கதையில்லாத படம், மெட்டில்லாத இசை, தரையில் கொட்டிக் கிடக்கும் கலை என்று வரும்போது, புதிதாக வருபவருக்கு நுழையும் வழி தெரிய வேண்டும். அந்த வழியைக் காட்டும் சிறு குறிப்பை எழுதுவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். நூறு, நூற்றைம்பது சொற்கள் போதும். விமர்சனம் எழுதுவது வேறு வேலை. அதற்கு இப்போது போக வேண்டாம்.

படி 1: தேடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்

படம் முடிந்ததும், பாட்டு ஓய்ந்ததும் கை தானாகவே தேடுபொறிக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள். பிறர் எழுதியதை ஒருமுறை படித்துவிட்டால், பிறகு நாம் எழுதுவதில் பாதி அவர்களுடைய சொற்களாகவே இருக்கும். கண்டதையும் கேட்டதையும் நான்கைந்து வரிகளில் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வரிகளில் பெயரடைகளைக் குறைத்து, வினைச்சொற்களைக் கூட்டுங்கள். “மிக அழகான இசை” என்பது நம் மனநிலையைப் பற்றிய தகவல். “ஒரு பியானோ மற்றொன்றைவிடச் சற்று வேகமாக ஓடத் தொடங்கியது” என்பது இசையைப் பற்றிய தகவல். படிப்பவருக்கு இரண்டாவதுதான் உதவும். எழுதியதைத் திரும்பப் படித்து, “அற்புதம்”, “அபாரம்”, “மெய்சிலிர்க்க வைத்தது” ஆகியவற்றை அடித்துவிடுங்கள். அடித்த பிறகு எதுவும் மிஞ்சவில்லை என்றால் இன்னொரு முறை பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

படி 2: ஒரே ஓர் இடத்தைப் பிடியுங்கள்

முழுமையாகச் சொல்ல முயல்வதால்தான் பெரும்பாலான குறிப்புகள் வீணாகின்றன. ஒரு காட்சி, ஒரு நிமிடம், ஒரு மூலை போதும். துறைக்கு ஒன்றாக மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

கனடாவைச் சேர்ந்த ஜேனட் கார்டிஃப் 2001-இல் செய்த ஒரு நிறுவல் படைப்பு, அதாவது பார்ப்பவர் உள்ளே நடந்து அனுபவிக்கும்படி ஓர் இடத்தில் அமைத்த கலை. தாமஸ் டாலிஸ் என்ற 16-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் 40 குரல்களுக்காக எழுதிய பாடல் அதில் ஒலிக்கிறது. ஒரு குரலுக்கு ஓர் ஒலிபெருக்கி. நீள்வட்டமாக 40 ஒலிபெருக்கிகள், ஏறத்தாழ ஆள் உயரத்தில் நிற்கின்றன. நடுவில் நின்றால் ஒரு பெரும் பாடகர் குழு. ஒன்றின் அருகே போனால் ஒரே ஒருவர், மூச்சு வாங்குவது உட்பட. இதைப் பற்றி எழுதும் பலரும் அந்தப் பிரம்மாண்டத்தைத்தான் சொல்வார்கள். நானாக இருந்தால் பாடல் முடிந்தபின் வரும் சுமார் 3 நிமிட இடைவேளையைப் பிடித்துக்கொள்வேன். பாடகர்கள் தொண்டையைச் செருமுகிறார்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிறார்கள். அதுவரை இசையாக இருந்த ஒலிபெருக்கிகள் அந்தச் செருமலில் ஆட்களாகிவிடுகின்றன. படைப்பு முழுவதற்கும் அந்த 3 நிமிடம் வழிகாட்டிவிடும்.

இசையில், ஸ்டீவ் ரைக் 1967-இல் எழுதிய ‘பியானோ ஃபேஸ்’. இரண்டு பியானோக்கள் 12 சுரங்கள் கொண்ட ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன. ஒருவர் வேகத்தை மாற்றுவதே இல்லை. மற்றவர் கொஞ்சம் கொஞ்சமாக முந்தி, ஒரு சுரம் முன்னால் போய் நிற்கிறார். அங்கே சிறிது நேரம் தங்கிவிட்டு மறுபடி முந்துகிறார். இப்படிப் பன்னிரண்டு முறை நகர்ந்ததும் இருவரும் மறுபடி ஒன்றுசேர்கிறார்கள். இதை எழுதும்போது முதல் நகர்வு தொடங்கும் நிமிடத்தையும் நொடியையும் நீங்கள் கேட்ட பதிவிலிருந்து குறித்துக் கொடுங்கள். “இங்கே ஒலி கலங்கும். பழுது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்” என்று ஒரு வரியும் சேர்க்கலாம்.

சினிமாவில், ஷந்தால் அக்கெர்மன் 1975-இல் இயக்கிய ‘ழான் தீல்மான்’. 201 நிமிடம். ஒரு பெண்ணின் மூன்று நாட்கள், பெரும்பாலும் சமையலறையிலும் கூடத்திலும் கழிகின்றன. கேமரா இடத்தை விட்டு அசைவதில்லை. முதல் நாள் அவள் எல்லாவற்றையும் அச்சுப் பிசகாமல் செய்கிறாள். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறாள். அந்த நடையைச் சொன்னால் போதும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் எதற்காக என்று வாசகர் புரிந்துகொள்வார். 2022-இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இந்தப் படம் முதலிடம் பெற்றது என்பதையும் சொல்லலாம்தான். ஆனால் அந்தத் தகவல் ஒருவரை இருக்கையில் உட்காரத்தான் வைக்கும், உட்கார்ந்தே இருக்க வைக்காது.

படி 3: பெயர், ஆண்டு, அளவு

இப்போது தேடலாம். இந்தப் படி சலிப்பூட்டும், தவிர்க்கவும் முடியாது.

படத்துக்கு: மூலப் பெயர், இயக்குநர், ஆண்டு, நீளம். ஒரே பெயரில் இரண்டு மூன்று படங்கள் இருப்பது சகஜம். திரைப்பட விழாவில் முதலில் காட்டிய ஆண்டும் திரையரங்குக்கு வந்த ஆண்டும் வேறாக இருக்கலாம்; ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, எது என்று சொல்லிவிடுங்கள். இசைக்கு: எழுதியவர், வாசித்தவர், எந்தப் பதிவு. 1967-இல் எழுதிய இசையை நீங்கள் கேட்ட பதிவு பல ஆண்டுகள் கழித்து வந்ததாக இருக்கலாம். கலைப்படைப்புக்கு: கலைஞர், தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு. அருங்காட்சியக அட்டைகளில் பொதுவாக உயரம் முதலிலும் அகலம் அடுத்தும் ஆழம் கடைசியிலும் வரும். நேரில் பார்க்கும்போதே அந்த அட்டையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னர் அலைய வேண்டாம்.

சில படைப்புகளில் இந்த விவரமே எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும். ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991-இல் செய்த ஒரு படைப்பு, பளபளக்கும் தாளில் சுற்றிய மிட்டாய்களின் குவியல். வருகிறவர்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். குவியலின் உத்தேச எடை 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோ: ஒரு மனிதனின் எடை. அவருடைய துணைவர் ராஸ் அதே ஆண்டு எய்ட்ஸ் நோயால் இறந்தார். தலைப்பில் ராஸின் பெயர் இருக்கிறது. முதலில் “மிட்டாய்க் குவியல், ஆளாளுக்கு எடுக்கிறார்கள், குறைந்துகொண்டே வருகிறது” என்று எழுதியிருப்பீர்கள். அதை அழிக்காமல், எடையை அதற்கடுத்த வரியில் வையுங்கள். நீங்கள் தெரிந்துகொண்ட அதே வரிசையில் வாசகரும் தெரிந்துகொள்ளட்டும்.

படி 4: குறிப்பை அடுக்குங்கள்

உங்களை நிறுத்திய இடம் முதலில், விவரம் நடுவில், இணைப்பு இருந்தால் கடைசியில். மாதிரிக்கு ஒன்று:

“பாடல் முடிந்ததும் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பிப் பார்த்தால் ஆளில்லை, ஒலிபெருக்கி. ஜேனட் கார்டிஃப் 2001-இல் செய்த இந்த நிறுவலில் 40 குரல்கள் 40 ஒலிபெருக்கிகளிலிருந்து வருகின்றன. ஒரு சுற்று ஏறக்குறைய 14 நிமிடம். முதல் சுற்றை நடுவில் நின்றும் இரண்டாவதை ஒவ்வொன்றின் அருகிலும் நடந்தும் கேளுங்கள். காணொளியில் பார்த்தால் இதில் பாதிகூடக் கிடைக்காது. எங்காவது காட்சிக்கு வைத்தால் நேரில் போங்கள்.”

கடைசி நான்கு வாக்கியங்களைக் கவனியுங்கள். எதற்கு எவ்வளவு நேரம் ஆகும், எப்படிக் கேட்க வேண்டும், எது கிடைக்காது என்பதை மறைக்காமல் சொல்வது மரியாதை. மெதுவான படத்தை “விறுவிறுப்பானது” என்று சொல்லி உட்கார வைத்தால், அடுத்த முறை நீங்கள் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

படி 5: எதைச் சொல்லாமல் விடுவது

முடிவைச் சொல்லாதீர்கள். ‘ழான் தீல்மான்’ படத்தின் மூன்றாம் நாளைப் பற்றி மேலே நான் வாய் திறக்காதது அதனால்தான். உருளைக்கிழங்கைச் சொன்னதால் படம் கெடவில்லை. வாசகர் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார், அவ்வளவே.

படி 6: படமும் ஒலியும் யாருடையவை

சமகாலப் படைப்புகள் ஏறத்தாழ எல்லாமே காப்புரிமைக்கு உட்பட்டவை. காப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் பொது விதிப்படி படைப்பாளி இறந்து குறைந்தது 50 ஆண்டுகள்வரை உரிமை தொடர்கிறது. பல நாடுகளில் 70 ஆண்டுகள். எனவே முழுப் பாடலையோ படத்தையோ பதிவேற்றாதீர்கள். கலைஞரோ வெளியீட்டாளரோ வைத்திருக்கும் பக்கத்துக்கு இணைப்பு கொடுங்கள். கண்காட்சியில் படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு, ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். படைப்பு எவ்வளவு பெரியது என்று தெரிய, பக்கத்துக் கதவோ நாற்காலியோ படத்துக்குள் வரட்டும்.

உங்களுக்கு இதை அறிமுகப்படுத்தியவர் யார் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தாங்களே தோண்டி எடுத்ததுபோல் காட்டிக்கொள்ளும் ஆசைதான்.

படி 7: ஒருவருக்கு அனுப்புங்கள்

ஒரே குறிப்பைப் பத்துப் பேருக்கு அனுப்பினால், மற்ற ஒன்பது பேர் கேட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். யார் ஞாபகம் வந்ததோ அவருக்கு மட்டும் அனுப்புங்கள், ஏன் அவருக்கு என்றும் சொல்லுங்கள். அனுப்பிய மறுநாளே “பார்த்தாயா?” என்று நச்சரிக்க வேண்டாம்.

“ஒன்றும் புரியவில்லை” என்று பதில் வந்தால் விளக்கவுரை எழுத உட்காராதீர்கள். எந்த நிமிடத்தில் நிறுத்தினார் என்று மட்டும் கேளுங்கள். ‘பியானோ ஃபேஸ்’ இசையை முதல் நகர்வுக்கு முன்பே நிறுத்தியிருந்தால், இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்துக் கேட்கச் சொல்லலாம். முழுவதும் கேட்டுவிட்டுத்தான் பிடிக்கவில்லை என்றால், அவருக்குப் பிடித்த ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள்.