வீட்டிலேயே டோனர் டிரான்ஸ்பர் பேப்பர்: மரவள்ளி மாவுக் கஞ்சி போதும்

யாங்கோனில் சொந்தமாக பிசிபி (மின்சுற்றுப் பலகை) செய்ய ஆசைப்படும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சுற்றின் படத்தை லேசர் பிரிண்டரில் தாளில் அச்சிட்டு, இஸ்திரிப் பெட்டிச் சூட்டால் செப்புப் பலகைக்கு மாற்றுவதுதான் டோனர் டிரான்ஸ்பர். அதற்கென்று தனிப் பேப்பர் தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம்.

டோனர் என்பது சூட்டில் உருகும் பிளாஸ்டிக் தூள். காகிதத்துக்கும் டோனருக்கும் நடுவே தண்ணீரில் ஊறும் மாவுப் படலம் இருந்தால், ஊறவைத்ததும் காகிதம் கழன்றுவிடும், டோனர் செம்பிலேயே தங்கிவிடும். இங்க்ஜெட் மை இதற்கு உதவாது. லேசர் பிரிண்டர்தான் வேண்டும்.

ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிபோல ஆகும்வரை சிறு தீயில் கிண்டுங்கள். சட்டைக்குப் போடும் கஞ்சிப் பதம்தான். துணியில் வடிகட்டி, ஆறியதும் வழவழப்பான தாளின் ஒரு பக்கத்தில் ஸ்பாஞ்சால் மெல்லிசாகப் பூசுங்கள். குமிழி இருந்தால் அந்த இடத்தில் ட்ராக் (பலகையில் மின்சாரம் ஓடும் செப்புக் கோடு) அறுந்துவிடும். காய்ந்ததும் குறுக்குவாட்டில் இன்னொரு பூச்சு.

எல்லாமே காய்வதில்தான் இருக்கிறது. மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை நம் ஊர்க் காற்றே ஈரம். தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அந்தத் தாள் பிரிண்டரில் சுருண்டு சிக்கும், டோனரும் சரியாகப் பிடிக்காது. ஃபேனுக்கு அடியில் இரவு முழுக்க வைத்து, அப்புறம் கனமான புத்தகங்களுக்கு அடியில் தட்டையாக்குங்கள். மாவு உதிரும் தாளைப் பிரிண்டருக்குள் விடவே விடாதீர்கள்.

பூசிய பக்கத்தில், டோனர் சேமிப்பை அணைத்துவிட்டு அச்சிடுங்கள். பலகையின் மேல் பக்கச் செப்பு (மேல் லேயர்) என்றால் படத்தை மிரர் (இடவலமாகத் திருப்புதல்) செய்யவேண்டும். கீழ் லேயருக்கு வேண்டாம், சுற்றை வரையும் மென்பொருள் அதை மேலிருந்து பார்ப்பதாகவே காட்டுகிறது.

செப்புப் பலகையை ஸ்டீல் உல்லால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடையுங்கள். பிறகு விரல் படக்கூடாது. அச்சிட்ட பக்கம் செம்பைத் தொடும்படி தாளை அதன்மேல் கவிழ்த்து வையுங்கள். கரண்ட் போகாத நேரம் பார்த்து, ஆவி இல்லாமல், காட்டன் சூட்டில் மூன்று நான்கு நிமிடம் இஸ்திரிப் பெட்டியை அழுத்துங்கள். ஓரங்களை மறக்காதீர்கள். ஆறவிட்டுத் தண்ணீரில் போடுங்கள். தாள் தானாக விலகட்டும், பிய்க்காதீர்கள். விட்டுப்போன கோடுகளை பெர்மனென்ட் மார்க்கரால் நிரப்பலாம்.

அடுத்து, டோனர் மூடாத செம்பைப் பெர்ரிக் குளோரைடு கரைசலில் அரித்து எடுக்க வேண்டும். அப்போது பிளாஸ்டிக் தட்டு, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். செம்பு கலந்த அந்தக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள், திரும்பவும் பயன்படும். அரித்து முடிந்ததும் பலகையில் இருக்கும் டோனரை அசிட்டோனால் துடைத்துவிடலாம். மீதித் தாள்களை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.