நானோ ரெசனேட்டரில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க

முதலில் ரெசனேட்டரை (சிப்பில் அதிரும் மிக நுண்ணிய அமைப்பை) அதிரவைக்கும் டிரைவ் சிக்னலை அணைத்துவிட்டு, வெறும் இரைச்சலை மட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் கருவியில்) பாருங்கள். 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் முள் முள்ளாக நின்றால் பெரும்பாலும் கிரவுண்ட் லூப்தான்: கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி, மெயின்ஸ் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப் பிடிக்கின்றன. நான் இரண்டு நாள் சிப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், எதிர்ச்சுவர் பிளக்கில் செருகியிருந்த லேப்டாப் சார்ஜர்! எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பவர் ஸ்ட்ரிப் போதும்.

முள் போனபின் தட்டையாக மிஞ்சுவதில் வெப்ப இரைச்சல் (மின்தடையில் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைவதால் வருவது) இருக்கும். 1 கிலோஓம் மின்தடை அறை வெப்பநிலையில் ரூட் ஹெர்ட்ஸுக்கு (அளக்கும் அதிர்வெண் அகலத்தின் வர்க்கமூலத்துக்கு) சுமார் 4 நானோவோல்ட் தரும். உங்களுக்கு 40 வருகிறதா? ஆம்ப்ளிஃபயர் உள்ளீட்டை ஷார்ட் செய்யுங்கள். அப்போதும் இறங்காவிட்டால் சிப் நிரபராதி; இரைச்சல் ஆம்ப்ளிஃபயரிலோ அதற்குப் பின்னாலோ வருகிறது.

சிக்னலைக் கொண்டுவரும் கோஆக்ஸ் கேபிளையும் விரலால் சுண்டிப் பாருங்கள். திரையில் கோடு துள்ளினால், கேபிளின் ஆட்டமே இரைச்சலாகிறது; அதை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.