புதிய ஆற்றில் ட்ரவுட் எங்கே நிற்கும்? கேலட்டின் ஆற்றை வைத்து ஒரு செய்முறை

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கேலட்டின் ஆற்றை ஒட்டியே 191ஆம் எண் நெடுஞ்சாலை போகிறது. பல இடங்களில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நேரே தண்ணீரில் இறங்கிவிடலாம். பார்த்திராத ஆற்றுத் துறையில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய தூண்டில் முள்) வீசவும் முடிச்சுப் போடவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கிளம்பும் முன் இணையத்தில் நீரோட்ட அளவைப் பாருங்கள். மே, ஜூனில் பனி உருகி ஆறு கலங்கலாகப் பெருகி ஓடும். புதியவர்கள் ஜூலைக்கு மேல் போவது நல்லது. கோடை முற்றி, நீரின் வெப்பம் தொடர்ந்து 3 நாள் 23 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை வரலாம். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் டெய்லர் ஃபோர்க் என்ற துணை ஆறு சேற்றைக் கொண்டுவந்து கொட்டும். அது சேரும் இடத்துக்கு மேலே போனால் பெரும்பாலும் தெளிந்த நீர் கிடைக்கும். இன்னும் மேலே போனால் யெல்லோஸ்டோன் பூங்கா எல்லை வந்துவிடும். அங்கே மாநில உரிமம் செல்லாது, தனி அனுமதி வேண்டும். அடியில் ஃபெல்ட் (கம்பளம் போன்ற தடித்த துணி) ஒட்டிய காலணிக்கும் அங்கே தடை.

ஆற்றங்கரைக்கு வந்ததும் தூண்டிலைப் பூட்ட வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா நின்று நுரையைப் பாருங்கள். இந்தப் படிக்கு அவசரமே கூடாது. பெரிய பாறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் பின்னால் நீர் அடங்கிக் கிடக்கும், இரு பக்கமும் வேகமாக ஓடும். இரண்டும் உரசும் இடத்தில் நுரை ஒரு நூல் மாதிரி நீளமாகப் போகும். நுரை போகும் வழியில்தான் பூச்சியும் போகும். ட்ரவுட் அடங்கிய நீரில் அலுங்காமல் நின்றுகொண்டு, பக்கத்து ஓட்டத்தில் வருவதை எட்டிப் பிடிக்கும். ஆகவே பாறைக்கு நேர் பின்னால் வீசாதீர்கள். அந்த நுரை நூலின் மேலேயே ஃப்ளை விழ வேண்டும், நுரையின் வேகத்திலேயே மிதக்க வேண்டும். நுரையைவிட ஃப்ளை முந்தினால் லைன் (தூண்டில் கயிறு) அதை இழுக்கிறது என்று அர்த்தம். இன்னும் இரண்டடி கிட்டே போய், லைனைக் குறைத்து வீசுங்கள்.

மீன் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்பதால், கீழிருந்து மேலாக, அதன் முதுகுப் பக்கமாகவே போக வேண்டும். முதலில் காலடி நீர், அப்புறம் நடு ஆறு. நான்கைந்து வீச்சில் ஒன்றும் அசையவில்லையா? அடுத்த பாறைக்கு நடங்கள். புது ஆற்றில் ஒரே மடுவில் மணிக்கணக்காக நிற்பது வீண்.

எந்த ஃப்ளை? ஒரு கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் புழுக்களின் அளவையும் நிறத்தையும் பாருங்கள், பிறகு கல்லை அப்படியே வைத்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது 14ஆம் எண் முள்ளில் கட்டிய பாராசூட் ஆடம்ஸ் என்ற மிதக்கும் ஃப்ளை. 9 அடி நீளமும் 5 வெயிட்டும் (லைனின் எடை வகை) கொண்ட ராடு, அதாவது தூண்டில் கோல், போதும். காசு செலவழிப்பதென்றால் நீரின் பளபளப்பைக் குறைக்கும் நல்ல போலரைஸ்டு கண்ணாடிக்குச் செலவழியுங்கள், அது இல்லாமல் நீருக்கடியில் எதுவும் தெரியாது. ஊன்றுகோலும் கரடி ஸ்ப்ரேயும் கட்டாயம்.

பிற்சேர்க்கை: தனியார் நிலம் குறுக்கிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பாலம் போன்ற பொது இடம் வழியாக இறங்கினால், வழக்கமான உயர்நீர்க் கோட்டுக்குள் (நீர் வழக்கமாக உயர்ந்து கரையில் தடம் விடும் எல்லைக்குள்) நடந்து மீன்பிடிக்க மாநிலத்தின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது. வயலைக் குறுக்கே கடந்து ஆற்றுக்கு வர வேண்டுமானால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.