ஐரோப்பாவில் ஐஸ் ஹாக்கி ஆடப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன், ஜூலை வந்தால் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். வட அமெரிக்காவில் ஏஎச்எல், ஈசிஎச்எல் என்ற இரண்டாம், மூன்றாம் நிலை லீக்குகளில் சில சீசன்கள் ஆடிவிட்டு, உச்ச லீக்கான என்எச்எல்லின் கதவு இனித் திறக்காது என்று புரிந்ததும் ஐரோப்பாவுக்குப் போகலாம் என்று முடிவெடுத்த இளைஞர்கள்தான் கூப்பிடுவார்கள். கிளப் அனுப்பும் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் எந்த இடங்களில் இடறினோமோ அதே இடங்களில்தான் இன்றைக்கும் இடறுகிறார்கள். பாஸ்போர்ட் காலாவதி, குளிர்கால டயர், பயண இன்சூரன்ஸ் போன்றவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

வெளிநாட்டு வீரர் இடங்களை எண்ணாமல் கையெழுத்துப் போடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். வருஷா வருஷம் பார்த்தும் எனக்குக் கோபம் குறையவே இல்லை.

ஐரோப்பாவில் பல லீக்குகள் ஒரு ஆட்டத்தில் எத்தனை வெளிநாட்டு வீரர்கள் இறங்கலாம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் முதல்நிலை லீக்கில் நெடுங்காலம் 4 பேர்தான், 2022-23 சீசனிலிருந்து 6 பேர். ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான டிஇஎல்லில் சமீப காலமாக ஒரு ஆட்டத்துக்கு 9 பேர் இறங்கலாம். ஆனால் ஒரு கிளப் சீசன் முழுவதற்கும் 11 வெளிநாட்டவர்களுக்கு லைசென்ஸ், அதாவது லீக்கில் ஆடும் அனுமதி, எடுக்கலாம். இந்த 9-க்கும் 11-க்கும் நடுவில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கிளப் 11 பேரையும் எடுத்துவிட்டது, யாருக்கும் காயம் இல்லை என்றால் ஒவ்வொரு ஆட்டத்திலும் 2 பேர் வெளியே உட்கார வேண்டும். தப்பு எதுவும் செய்யாமல், நன்றாகப் பயிற்சி எடுத்துக்கொண்டே, கோட் சூட் போட்டு மேலே பார்வையாளர்களோடு உட்கார வேண்டும். கோல்கீப்பர் வெளிநாட்டவர் என்றால் அவரும் இந்தக் கணக்கில் ஒரு இடத்தை எடுத்துக்கொள்வார், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு டிஃபென்ஸ்மேனின் (தற்காப்பு வீரர்) கதை சொல்கிறேன். நல்ல ஸ்கேட்டர், நிதானமாகப் பாஸ் கொடுப்பான். பவர் பிளேயில் (எதிரணி வீரர் தண்டனையில் வெளியே இருக்க, ஒரு ஆள் கூடுதலாக ஆடும் நேரம்) உனக்குத்தான் இடம் என்று கோச் வீடியோ அழைப்பில் சொல்லியிருக்கிறார். அடிப்படைச் சம்பளம் குறைவு, மீதி எல்லாம் ஆடிய ஆட்டங்களின் கணக்கில் போனஸ். அவன் கையெழுத்துப் போட்ட அன்று கிளப்பில் 7 வெளிநாட்டவர்கள்தான் இருந்தார்கள், அதனால் அவனுக்கும் அவன் ஏஜென்டுக்கும் சந்தேகமே வரவில்லை. செப்டம்பர் கடைசியில் என்எச்எல் பயிற்சி முகாம்களிலிருந்து கழித்துவிடப்பட்டவர்கள் சந்தைக்கு வந்தார்கள். கிளப் அடுத்தடுத்து மூன்று பேரை எடுத்தது, அதில் இரண்டு பேர் டிஃபென்ஸ்மேன்கள். நவம்பரில் தேசிய அணிகளுக்காக லீக் நிற்கும் இடைவேளை வருவதற்குள் அவன் ஆடியதைவிட உட்கார்ந்ததுதான் அதிகம். போனஸ் வரவில்லை என்பது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம், வேறு கிளப்பைக் கேட்டால் அவர்கள் முதலில் பார்ப்பது ஆட்ட எண்ணிக்கையைத்தான். இவன் ஏன் ஆடவில்லை என்று சந்தேகப்படுவார்கள், வரம்பு பற்றிய விளக்கத்தை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். ஜனவரியில் ஒரு நிலை கீழே இறங்கி, குறைந்த சம்பளத்துக்குப் போனான். அவன் ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஜூலையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து இந்த விதியைப் படித்து, எண்ணி, கேட்டிருந்தால் போதும். அதற்குத்தானே ஏஜென்டுக்குப் பணம் கொடுக்கிறோம்?

ஆகவே கேளுங்கள். இதுவரை எத்தனை லைசென்ஸ் எடுத்திருக்கிறீர்கள், இன்னும் எத்தனை எடுக்கத் திட்டம், என் இடத்தில் ஆடக்கூடிய வெளிநாட்டவர்கள் எத்தனை பேர்? பதில் மழுப்பலாக வந்தால் போனஸ் பங்கைக் குறைத்து அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தச் சொல்லுங்கள். அல்லது, உடல்தகுதியோடு இருந்தும் வரம்பின் காரணமாக வெளியே உட்காரும் ஆட்டங்களும் போனஸ் கணக்கில் சேரும் என்று எழுதி வாங்குங்கள். முயன்றால் கிடைக்கும், நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். விதிகள் சீசனுக்குச் சீசன் மாறும் என்பதால் போன வருஷம் போய்வந்த நண்பன் சொல்வதை நம்பாமல் அந்த வருஷ விதியைப் படியுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. வரம்பு சிறியதாக ஆக, எதிர்பார்ப்பு ஏறும். ஜெர்மனியின் இரண்டாம் நிலையான டிஇஎல்2-வில் ஆட்டத்துக்கு 4 வெளிநாட்டவர்கள்தான். அந்த நாலு பேரில் ஒருவராகப் போனால் கோல் அடிக்க வேண்டும். பக்கை (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு) தடுப்பதும் எதிராளியை மோதி நிறுத்துவதும் மட்டுமே உங்கள் பலம் என்றால், அதைச் செய்ய அவர்களிடம் உள்ளூர்ப் பையன்கள் இருக்கிறார்கள்.

ஜெர்மன் குடியுரிமைக்கு வழி இருந்தும் விசாரிக்காமல் விடுவது

பாட்டி, தாத்தா வழியில் உரிமை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அந்தப் பாஸ்போர்ட் இருந்தால் மேலே சொன்னவற்றில் ஜெர்மன் லீக்குகளின் வரம்பு உங்களைத் தொடாது.

கைக்கு வரும் சம்பளமா, வரிக்கு முந்தைய சம்பளமா?

ஜெர்மனி, ஆஸ்திரியா கிளப்கள் பெரும்பாலும் வரி போகக் கைக்கு வரும் தொகையைச் சொல்லும், கூடவே வீடும் காரும் தருவார்கள். சுவிட்சர்லாந்தில் பெரும்பாலும் வரிக்கு முந்தைய தொகையைச் சொல்வார்கள், அங்கே மருத்துவ இன்சூரன்ஸும் ஒவ்வொருவரும் தனியாகக் கட்ட வேண்டும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரியதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அப்புறம், மனைவியும் வீடும் கனடாவிலேயே இருந்தால் கனடா உங்களை வரி கட்டும் குடிவாசியாகவே கருத வாய்ப்பு அதிகம். அப்போது ஐரோப்பிய வருமானத்தையும் அங்கே காட்ட வேண்டும். அமெரிக்கக் குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும் கணக்குக் காட்டியாக வேண்டும். உங்களுக்காகக் கட்டிய வரிக்கான சான்றிதழைக் கிளப் ஆண்டுதோறும் தரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். அது கையில் இல்லாவிட்டால் ஐரோப்பாவில் கட்டிய வரியைச் சொந்த நாட்டில் கழிக்க ஆதாரம் இருக்காது.

பெரிய ரிங்க்கை (ஆடும் பனித்தளம்) லேசாக நினைப்பது

வட அமெரிக்க ரிங்க்கின் அகலம் 26 மீட்டர். பழைய ஐரோப்பிய அளவு 30 மீட்டர், இப்போது இரண்டுக்கும் இடைப்பட்ட அளவுகளும் நிறைய உண்டு. கூடுதல் 4 மீட்டரில் டிஃபென்ஸ்மேன் ஓரத்துக்குத் துரத்திப் போனால் நடு இடம் திறந்துவிடும், கோல்கீப்பருக்குக் கோணங்கள் எல்லாம் மாறும். ஆட்டங்கள் குறைவு: டிஇஎல், சுவீடனின் எஸ்எச்எல் இரண்டிலும் லீக் சுற்றில் 52 ஆட்டங்கள், ஏஎச்எல்லில் 72. மிச்ச நாட்களில் பயிற்சி, அதுவும் கடுமையான பயிற்சி. ஓய்வு என்று நினைத்துப் போகிறவர்கள் அக்டோபரிலேயே களைத்துவிடுகிறார்கள்.

கழுத்துக் காப்பு

போடுங்கள். 2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் நாட்டிங்ஹம் பாந்தர்ஸ் கிளப் வீரர் ஆடம் ஜான்சன் ஸ்கேட் பிளேடு கழுத்தில் பட்டு இறந்தார். மினசோட்டாவிலிருந்து ஆட வந்தவர், வயது 29.

நடுவில் என்எச்எல் கூப்பிட்டால் போய்விடலாம் என்று நினைப்பது

என்எச்எல் சீசன் தொடங்கிய பிறகு ஐரோப்பாவில் ஆடிய வீரரை அதே சீசனில் ஒரு என்எச்எல் அணி ஒப்பந்தம் செய்தால், அவர் முதலில் வேவர்ஸ் வழியாகப் போக வேண்டும், அதாவது மற்ற எந்த அணியும் அவரைக் குறுக்கே எடுத்துக்கொள்ளலாம். இது தெரிந்த அணிகள் அந்தச் சிரமத்துக்குள் சீக்கிரம் போவதில்லை. இன்னொரு ஐரோப்பிய நாட்டுக்கு மாறுவதென்றாலும் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பின் மாற்ற அட்டை வேண்டும், ஒப்பந்தத்தில் இருக்கும் வீரருக்குக் கிளப் சம்மதிக்காமல் அது நகராது. வெளியேறும் உரிமை வேண்டுமென்றால் எந்த லீக்குக்கு, எந்தத் தேதி வரை, எவ்வளவு தொகை கொடுத்தால் என்று மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். மேனேஜர் போனில் கொடுத்த வாக்கு, அவர் வேலை மாறிப் போனதும் செல்லாது.