ரத்தசோகைக்குக் காரணம் சிறுகுடலா? கேப்ஸ்யூல் எண்டோஸ்கோபி, படிப்படியாக

இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வந்திருக்கிறது. மேல் எண்டோஸ்கோபியிலும் கொலோனோஸ்கோபியிலும் ஒன்றும் சிக்கவில்லை. விழுங்கினால் சிறுகுடலைப் படமெடுத்துக்கொண்டே போகும் மாத்திரை வடிவக் கேமராவான கேப்ஸ்யூலுக்கு வேலை இங்கேதான். எண்டோஸ்கோபி யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர், செவிலியர், டெக்னீஷியன்களுக்காக இதை எழுதுகிறோம்.

1. பழைய ரிப்போர்ட்டைப் படியுங்கள்

"நார்மல்" என்ற கடைசி வரியோடு நிறுத்தாதீர்கள். கொலோனோஸ்கோப் சீக்கம் (பெருங்குடலின் தொடக்கப் பகுதி) வரை போனதா, குடல் சுத்தமாக இருந்ததா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் முதலில் அதையே திரும்பச் செய்வது நல்லது. ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் அளவு), சீலியாக் நோய்க்கான (கோதுமைப் புரதம் ஒவ்வாமல் சிறுகுடல் பாதிக்கும் நோய்) ரத்தப் பரிசோதனை, அதிக மாதவிடாய் உண்டா என்ற கேள்வி, இவையும் முடிந்திருக்க வேண்டும்.

2. கேப்ஸ்யூல் மாட்டிக்கொள்ளுமா?

இந்தப் பரிசோதனையில் நாம் உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். கேப்ஸ்யூல் சுமார் 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. விட்டம். குடல் எங்காவது குறுகியிருந்தால் அங்கேயே நின்றுவிடும். சாப்பிட்ட பின் வயிறு உப்பி முறுக்கி வலிக்கிறதா, வயிற்றில் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ நடந்ததா, குரோன் நோய் (குடலில் நீண்டகால அழற்சி) உண்டா என்று கேளுங்கள். வலி மாத்திரையைத் தனியாகக் கேளுங்கள்; பலர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. டைக்ளோஃபெனாக் போன்றவற்றை நெடுநாள் எடுத்தவர்களுக்குக் குடலுக்குள் மெல்லிய வளையம் போன்ற சுருக்கங்கள் வரலாம். சி.டி. ஸ்கேனில் அவை தெரியாமலே போகக்கூடும். சந்தேகம் இருந்தால், தானே கரைந்துவிடும் சோதனைக் கேப்ஸ்யூலை முதலில் கொடுங்கள்.

3. தயாரிப்பு

இரும்பு மாத்திரையை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கறுப்புக் கசடு குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு, பார்க்க வேண்டிய இடத்தை மறைத்துவிடும். முந்தைய நாள் தெளிந்த திரவம் மட்டும். சிவப்பு நிறப் பானம் கூடாது. குடலைச் சுத்தம் செய்யும் பி.ஈ.ஜி. கரைசல் 2 லிட்டர், பிறகு 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு. விழுங்குவதற்கு முன் சிமெத்திகோன் கொடுத்தால் நுரை அடங்கும். சர்க்கரை நோயாளி என்றால் அன்றைய மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் ரத்தப்போக்கு இருந்தால் இந்த நாள் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கக் காரணம் கிடைக்கும் வாய்ப்பு குறையும்.

4. விழுங்கும் நாள்

சென்சார் பெல்ட்டையும் ரெக்கார்டரையும் மாட்டுங்கள். கேப்ஸ்யூலைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் விளக்கு மின்னுகிறதா, ரெக்கார்டருக்குப் படம் வருகிறதா என்று பார்த்த பிறகே நோயாளி கையில் கொடுங்கள். உள்ளே போன பின் கண்டுபிடித்துப் பயனில்லை. 2 மணி நேரம் கழித்துத் தெளிந்த திரவம், 4 மணி நேரம் கழித்து லேசான உணவு.

ஒரு மணி நேரத்தில் நேரலைப் படத்தைப் பாருங்கள். இன்னும் இரைப்பையிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் மெட்டோகுளோப்ரமைடு போன்ற மருந்து உதவும். அதற்கும் நகராவிட்டால் எண்டோஸ்கோப்பால் டியோடினத்துக்குள் (சிறுகுடலின் முதல் பகுதி) தள்ளிவிடலாம். நேரம் முடிந்தது என்பதற்காகப் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்; பேட்டரி இருக்கும்வரை, கேப்ஸ்யூல் பெருங்குடலை எட்டியதா என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

கேப்ஸ்யூல் வெளியேறியது உறுதியாகும் வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது. பெருங்குடலை எட்டிய படமும் இல்லை, மலத்தில் வந்ததையும் பார்க்கவில்லை என்றால் இரண்டு வாரத்தில் வயிற்று எக்ஸ்ரே எடுங்கள்.

5. படம் பார்ப்பது

இரைப்பை, டியோடினம், சீக்கம் ஆகியவற்றின் முதல் படங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் திரையில் வினாடிக்கு 10 படத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். டியோடினத்தில் கேப்ஸ்யூல் பாய்ந்து போவதால் அங்கே இன்னும் நிதானம் வேண்டும். சிவப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை மட்டும் நம்பி முடிவு எழுதக் கூடாது.

ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தவுடன் காரணம் கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தெரிவதை, ரத்தம் கசியும் வாய்ப்பை வைத்துத் தரம் பிரிப்போம். பி2 என்றால் அந்த வாய்ப்பு அதிகம்: பெரிய ஆஞ்சியோஎக்டேசியா (விரிந்துபோன சிறு ரத்த நாளங்கள்), புண், கட்டி. சின்னச் சிவப்புப் புள்ளி பி1 தான். அதை வைத்து ரத்தசோகையை விளக்க முடியாது. பி2 இருந்தால், சிறுகுடல் பயண நேரத்தில் எத்தனையாவது சதவீதத்தில் தெரிந்தது என்று எழுதுங்கள். முதல் 60 சதவீதத்துக்குள் என்றால் பலூன் எண்டரோஸ்கோபியை (பலூன் உதவியால் சிறுகுடலுக்குள் ஆழமாகப் போகும் எண்டோஸ்கோபி) வாய்வழியாகத் தொடங்கலாம்.

ஒன்றும் இல்லையென்றால் இரும்பு கொடுத்து ஹீமோகுளோபினைக் கவனியுங்கள். அது டெசிலிட்டருக்கு 4 கிராமோ அதற்கு மேலோ குறைந்தாலோ, மறைவாக இருந்த கசிவு வெளிப்படையாகத் தெரிந்தாலோ, கேப்ஸ்யூலை மறுபடி கொடுக்கலாம்.