செடானை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் டீக்கடையில் ஆபீஸ் ஜூனியர் ஒருவன் சொன்னான்: "அண்ணே, ஹோண்டா சிட்டி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்து ஏற்காடு போய்ட்டு வந்தேன். ரோட்டுல கிடக்குற கல்லெல்லாம் முதுகுல தெரியுது."

"டயர்ல காத்து எவ்வளவு இருந்துச்சு?" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

2022-இல் நானும் அதே காரை, அதே ஊருக்குத்தான் எடுத்துப்போனேன். அதே முடிவைத்தான் எடுத்தேன். வாங்குவதற்கு முன் இரண்டு நாள் வாடகைக்கு ஓட்டிப் பார்ப்பது நல்ல யோசனைதான். ஷோரூம்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வர, கால் மணி நேரம் ஓட்டி என்ன தெரிந்துவிடும்? ஆனால் வாடகைக் காரை எடைபோடுவதற்கென்று ஒரு பக்குவம் வேண்டும். கீறலைப் போட்டோ எடுங்கள், லைசென்ஸை மறக்காதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

காற்றைப் பார்க்காமல் காரைப் பார்ப்பது

சென்னையில் எடுத்த வண்டி. கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து, ஓடோமீட்டரில் 61,000 கிலோமீட்டர். தாம்பரம் தாண்டுவதற்குள் மனைவி, "என்னங்க, மாட்டு வண்டி மாதிரி இருக்கு" என்றாள். மேம்பாலத்தில் ஒவ்வொரு இணைப்பும் டக், டக் என்று ஸ்டியரிங்கில் வந்து அடித்தது. உளுந்தூர்பேட்டைக்கு முன்பே மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்: சஸ்பென்ஷன் சரியில்லை.

ஆத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பங்க்கில் பெட்ரோல் போட்டோம். காற்றடிக்கும் பெரியவர் கேட்காமலேயே குனிந்து கேஜை வைத்துப் பார்த்தார். "சார், 44 இருக்கு. குறைச்சிடவா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓடி வந்த சூடுங்க, அப்படித்தான் காட்டும். விட்டுடுங்க."

அரைகுறை அறிவு பேசிய பேச்சு அது. ஹைவேயில் ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் மூன்று, நான்கு, மிஞ்சிப்போனால் ஐந்து. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் போட்டிருந்தது முப்பதை ஒட்டிய எண். அப்படியானால் மீதி? அடுத்தடுத்து வருகிற வாடிக்கையாளர்கள் காற்றைக் கவனிக்கப்போவதில்லை என்று யாரோ ஒரேயடியாக அடித்துவிட்ட காற்று. நான் எடுத்த சிட்டியின் டயர் 185/55 ஆர்16. அதன் பக்கச்சுவர் சுமார் 10 சென்டிமீட்டர் உயரம்தான். பள்ளத்தின் முதல் அடியை வாங்க வேண்டியது அந்த ரப்பர். அதைக் கல் மாதிரி இறுக்கி வைத்துவிட்டு நான் சஸ்பென்ஷனைத் திட்டிக்கொண்டிருந்தேன். காற்று மிஞ்சினால் டயரின் நடுப்பகுதிதான் ரோட்டை நன்றாகத் தொடும். மழையில் பிரேக் போடும்போது அதுவும் ஒரு ஆபத்து.

சிட்டியை ஒதுக்கிவிட்டு, இரண்டு லட்சம் கூடுதலாகப் போட்டு ஒரு எஸ்யூவி வாங்கினேன். ஒன்றரை வருஷம் கழித்து நண்பர் ஒருவரின் சிட்டியில் அதே ஜிஎஸ்டி ரோட்டில் மறைமலை நகர் வரை போக வேண்டி வந்தது. இணைப்புகள் வந்தன, போயின. டக் சத்தம் இல்லை. "டயர் ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டேன். "இல்லையே. கம்பெனி டயர்தான். மாசம் ரெண்டு தடவை காத்து பார்ப்பேன், அவ்வளவுதான்."

தெரியாமல் ஏமாந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒரு பெரியவர் வெயிலில் குனிந்து உட்கார்ந்து எண்ணைச் சொல்லி, குறைக்கவா என்று கேட்டபிறகும் வேண்டாம் என்றேனே! மாதாமாதம் இஎம்ஐ போகிற அன்றைக்கெல்லாம் அந்தக் குரல் கேட்கிறது.

அதனால் சாவி கையில் வந்ததும் முதல் வேலை, பக்கத்திலேயே இருக்கும் பங்க். டயர் சூடாவதற்குள் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். நான்கு டயரும் ஒரே கம்பெனியா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பழைய டயர், ஒன்றுக்கொன்று பொருந்தாத டயர் என்றால், சத்தத்தைப் பற்றியும் குலுக்கலைப் பற்றியும் அந்த வண்டி சொல்வதை நம்ப வேண்டாம்.

கிளட்ச் கனமாக இருக்கிறது என்று மாடலையே ஒதுக்குவது

அது நூறு பேர் மிதித்த கிளட்ச்.

80-ஐத் தாண்டினால் பீப் அடிப்பதைக் குறையாக எழுதிக்கொள்வது

2019 ஜூலையிலிருந்து தயாராகும் எல்லாக் காரிலும் அடிக்கும்.

மீட்டர் காட்டும் மைலேஜை நம்புவது

அதில் தெரிவது உங்களுக்கு முன்னால் ஓட்டியவரின் கால். டேங்கை முழுக்க நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஓட்டி முடித்து மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுங்கள்.

சிவிடி கியரை முதல் மணி நேரத்திலேயே திட்டுவது

சிவிடி என்பது ஒரு வகை ஆட்டோமேட்டிக் கியர். மேனுவல் ஓட்டிப் பழகியவர்கள் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவார்கள். இன்ஜின் கத்தும், வண்டி அப்புறம்தான் நகரும். உடனே "இழுவை இல்லை" என்பார்கள். சிட்டியின் இன்ஜின் 1.5 லிட்டர், 121 குதிரைத்திறன். குறை இழுவையில் இல்லை. காலை மெதுவாக அழுத்திப் பழகினால் டவுனில் வெண்ணெய் மாதிரி போகும். வேகமாக முந்துவதில் எனக்கு இன்னும் திருப்தி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏற்காட்டில் சேலம் பக்கம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். இறங்கும்போது கியரை டி-யிலேயே (டிரைவ்) விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் இடப்பக்கப் பேடிலை, அதாவது விரலால் தட்டும் சின்னக் கியர் நெம்பைத் தட்டிக் கியரைக் குறைத்து, இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்துவைக்கும்படி இறங்குங்கள். அடிவாரத்தில் பிரேக் கருகிய வாசனை வந்தால் அது காரின் குற்றமில்லை.

ராத்திரி ஓட்டாமலே திருப்பிக் கொடுப்பது

ஹெட்லைட்டைப் பகலில் எப்படிப் பார்ப்பது?

இரண்டு பேராக மட்டும் போவது

சிட்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 165 மில்லிமீட்டர் உயரம். ஐந்து பேர் ஏறி, 506 லிட்டர் டிக்கியும் நிறைந்தால் அது அப்படியே இருக்காது. நம் ஊர் வேகத்தடைகளை யார் எந்த அளவில் போடுகிறார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, உங்கள் தெரு முனையில் இருக்கும் அந்த வேகத்தடையிலேயே ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

முக்கியமாக, வீட்டில் முட்டி வலி உள்ளவர் இருந்தால் அவரைப் பின் சீட்டில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். ஏற்காட்டுக்கு நான் அம்மாவை அழைத்துப்போகவில்லை. பிற்பாடு நண்பரின் சிட்டியில் ஒருநாள் டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்தது. சீட் தாழ்வு. கதவைப் பிடித்து ஒருமுறை எழப் பார்த்தார், முடியவில்லை. இரண்டாவது முறை நான் கை கொடுத்தேன்.

"நம்ம வண்டியே தேவலைடா. இதுல இருந்து என்னைக் கிரேன் வெச்சுத்தான் தூக்கணும்" என்றார் அம்மா. நண்பர் சிரித்தார். நான் 44-ஐ நினைத்துக்கொண்டு நின்றேன்.