காட்டுக்குள் ஈட்டிப் படை: என் அனுபவம்

ஈரோட்டில் நாங்கள் ஆடும் பண்டைய போர்ப் பொம்மை விளையாட்டில் ஓயாத சண்டை ஒன்று உண்டு: மாசிடோனிய ஈட்டி அணி (நீண்ட ஈட்டியுடன் நெருங்கி நிற்கும் படை) காட்டுக்குள் நுழைந்தால் எந்தத் தகடு, அதாவது பொம்மை வீரர்களை ஒட்டிய அடித்தட்டு, உள்ளே, எது வெளியே? மரங்கள் பலகையில் ஒட்டியிருந்ததால் 15 மி.மீ. உயர வீரர்களின் தகடுகள் வரிசையாக நிற்காது. ஈட்டிகள் கிளையில் மாட்டி வளையும்.

மரங்களைத் தனித்தனி வட்ட அட்டையில் ஒட்டினேன். படை வந்தால் எடுத்துவிடலாம். காட்டின் எல்லைக்குத் திருப்பூர் பனியன் கட்பீஸ். அது ஓரத்தில் சுருளும், அதனால் பெவிகாலைத் தண்ணீரில் கரைத்துப் பூசிக் காயவைத்தேன். சுற்றிலும் கிளுவை வேலி மாதிரி தேங்காய் நார். அழகுக்குத்தான்.

அப்புறம் ஒரு விதி: தகட்டின் ஒரு மூலை துணியைத் தொட்டாலும் அந்த அணி முழுவதும் பாதி வேகம், காட்டுக்குள் ஈட்டிக்குரிய கூடுதல் பலம் கிடையாது. வேல் எறியும் இலகு படைக்கு இந்தத் தடை இல்லை. கடுமைதான், ஆனால் நியாயம்: கரடுமுரடான இடத்தில் ஈட்டி அணியால் ஒழுங்காக வரிசை கட்ட முடியாது. கி.மு. 197இல் கிரேக்கத்தின் கினோஸ்கெபலை மேடுகளில் மாசிடோனியரின் இடதுபுறம் அணி சேருவதற்குள் ரோமானியர் தாக்கிச் சிதறடித்தார்கள். இப்போது ஈட்டி அணிக்காரர்கள் காட்டைச் சுற்றித்தான் போகிறார்கள்.